பூச்சிக்குப் பேரு போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். தையல் கடை வச்சிருக்கேன், ப்ளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிபார்ம், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, முப்பது வருசமா இதுதான் பொழப்பு. கடைக்கு வர்றவுக காத்திருக்கையில படிக்கட்டும்னு உங்க பேப்பர வாங்கிப் போட ஆரம்பிச்சேன், இப்ப வர்றவுக எல்லாம் போனத்தான் நோண்டுறாக, பேப்பர நான் ஒருத்திதான் மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறேன். அதனால உங்கள்ட்ட ஒரு குறை சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நெனச்சுக்கிட்டு எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

போன மாசம் மாவட்டச் செய்திப் பக்கத்துல கீழ் மூலைல நாலு வரி போட்டிருந்தீங்க. குடியிருப்புப் பகுதியில விநோத பூச்சி, பொதுமக்கள் பீதின்னு தலைப்பு. கூட ஒரு படம். படத்தப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா அது எருக்கு வெட்டுக்கிளி சார். எருக்கஞ்செடி இருக்கிற எடத்துல எல்லாம் இருக்கும், மாம்பழ மஞ்சள் ஒடம்புல பச்சை கலந்த நீலப் பட்டை பட்டையா, யாரோ பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வச்சு ஒக்காந்து அடிச்ச மாதிரி இருக்கும், பறக்கையில உள் இறக்கை மட்டும் சிவப்பா ஒரு வெட்டு வெட்டும். நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில கால்ல நூலைக் கட்டிப் பறக்க விட்டு விளையாடுன பூச்சி. அதைப் போய் நீங்க விநோதம்னு போட்டுட்டீங்க. பேரு போடல. எதைத் திங்கும்னு போடல. கடிக்குமா கடிக்காதான்னு போடல. பீதின்னு மட்டும் போட்டீங்க.

சிரிச்சது அன்னைக்கு மட்டும்தான். மறுநாள் எங்க பக்கத்துத் தெருக்காரவுக, அவுகளுக்கு மல்லிகைப் பதியன் போடுற தொழில், எங்க ஊரே மல்லிகை நாத்துக்குப் பேர் போனதுன்னு உங்களுக்குத் தெரியும், அவுக வீட்டுல மருந்து எப்பவும் இருக்கும், நாத்துக்கு அடிக்கிற மருந்தையே டேங்க்ல ஊத்தி முதுகுல மாட்டிக்கிட்டு வேலிக்கு அந்தாண்ட காலி மனைல இருந்த எருக்கம்புதர் பூராவும் அடிச்சுட்டாக. ஏன்ணேன்னு கேட்டதுக்கு பேப்பர்லயே போட்டுருக்குல்லத்தா, புள்ளைக வெளையாடுற எடம்ங்கிறாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது, பேரப்புள்ளைகள வச்சிருக்காக. சாயங்காலம் போய்ப் பாத்தேன். வெட்டுக்கிளி நாலஞ்சு கெடந்துச்சு, அதை விட அதிகமா தேனீ கெடந்துச்சு, அப்புறம் எருக்க இலையத் திங்கிற வரிவரிப் புழு, கருப்பு வெள்ளை மஞ்சள்னு சீருடைத் துணி மாதிரி இருக்குமே, ஆரஞ்சு கலர் பட்டாம்பூச்சியா மாறுறது, அதுவும் சுருண்டு கெடந்துச்சு. அந்தப் புதர்ல இருந்துதான் பிள்ளையாருக்கு எருக்கம்பூ பறிச்சுக் கட்டுவோம். அந்த வெள்ளிக்கிழமை கட்டல.

2020 மே மாசம் இதே கூத்து நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? கொரோனாவுல எல்லாரும் வீட்டுக்குள்ள கெடக்கோம், ராஜஸ்தான் பக்கம் பாலைவன வெட்டுக்கிளி கூட்டங்கூட்டமா வந்து வெள்ளாமைய மேயுதுன்னு டிவில ஓடுது, ஒடனே நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடில இருந்த இதே பூச்சியப் பாத்துட்டு வந்துருச்சு வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல பரப்பிட்டாக. கடைசில அதிகாரிக போய்ப் பாத்துட்டு இது அந்த வெட்டுக்கிளி இல்லைன்னு சொன்னாக. பாலைவன வெட்டுக்கிளியோட நிறமே வேற கதை. தனியாத் திரியிறப்ப மண்ணு கலர்லயோ பச்சையாவோ சாதுவா இருக்கும், நெருக்கியடிச்சுக் கூட்டமாயிருச்சுன்னா குஞ்சுக கருப்பும் மஞ்சளுமா மாறிரும், இறக்கை முளைச்ச புதுசுல ரோஸா இருக்கும், முட்டை போடுற வயசு வந்தா மஞ்சளாயிரும். இதே மாதிரி வேசம் மாத்துற இன்னொரு வகை வெட்டுக்கிளிய ரொம்ப காலம் ரெண்டு வேற வேற சாதின்னே நெனச்சுக்கிட்டு இருந்தாங்களாம், 1921ல உவரோவ்னு ஒரு ரஷ்யாக்காரர்தான் ரெண்டும் ஒண்ணேதான்னு எழுதினாராம். எருக்கு வெட்டுக்கிளிக்கு அந்த வேசமெல்லாம் கெடையாது. அதுக்கு எருக்குதான் முக்கியச் சாப்பாடு, எருக்கம்பால்ல இருக்கிற விஷத்தத் தின்னு ஒடம்புல சேத்து வச்சுக்கிட்டு, என்னைத் தொடாதேன்னு கலரைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். பாதி வளந்த குஞ்சைப் புடிச்சா முதுகுல இருந்து ஒரு தண்ணியப் பீச்சும், கண்ணுல பட்டா நல்லதில்லை, அவ்வளவுதான் அதால முடிஞ்சது.

எனக்கு இவ்வளவு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எட்டாங்கிளாஸோட நின்னவ நான். எங்க கடைக்கு ப்ளவுஸ் தைக்க ஒரு சயின்ஸ் டீச்சர் வருவாக, அளவு எடுக்கிற நேரம் பூராவும் பேசிக்கிட்டே இருப்பாக, மூச்சை இழுத்துப் புடிங்க டீச்சர்னு சொன்னாலும் கேக்க மாட்டாக. பாதி அவுக சொன்னது. மீதி என் பேத்தியால வந்த வினை.

பேத்திக்கு ஏழு வயசு. இந்த வருசம் முழுப்பரீட்சை லீவுல தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போனேன், அரிச்சல்முனைக்கு முன்னாடி மணல்ல அடும்பங்கொடி படந்து கெடக்கும்ல, ஆட்டுக்கொளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ, அங்க இவ குந்திக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறா. என்னடின்னு போய்ப் பாத்தா, ஒரு இலையில ஓட்டை ஓட்டையா இருக்கு, அதுக்கு அடியில ஒரு பூச்சி. சார், நான் தங்கம்னு சொன்னா நீங்க மிகைன்னு நெனப்பீங்க. மூக்குத்திக் கல்லை எடுத்துட்டு அந்த எடத்துல தங்கத்தையே உருக்கி ஒரு சொட்டு விட்ட மாதிரி இருந்துச்சு. சுத்தி ஓரத்துல கண்ணாடி மாதிரி ஒரு விளிம்பு, அதுக்குள்ள இலையோட பச்சை தெரியுது. நடுவுல தங்கம். தலை காலு எதுவும் வெளிய தெரியல, ஆமை மாதிரி ஓட்டை அமுக்கிக்கிட்டு ஒட்டிக் கெடக்கு. விரலால தொட்டா அமுங்குது, நகரல. ஆமை வண்டுன்னே அதுக்குப் பேரு, சீனிக்கெழங்கு போடுறவுகளுக்குத் தெரியும், அடும்பும் சீனிக்கெழங்கும் ஒரே குடும்பத்துக் கொடிதானாம், அதனால ரெண்டையும் திங்கும்.

இவ அதைப் புடிச்சு என் பையில கெடந்த பாபின் டப்பால போட்டு, கூட ரெண்டு இலையும் வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டா. பஸ்ல வர்றப்ப பக்கத்துல உக்காந்தவுகளுக்கெல்லாம் டப்பாவத் தெறந்து காட்டுறா, அப்பத்தா இதை வச்சு எனக்குத் தோடு செஞ்சு தர்றியாங்கிறா. நானும் சரின்னேன், என் புத்தி. டப்பாவ ஜன்னல் திட்டுல வச்சுட்டு மறந்துட்டோம். மூணாம் நாள் காலைல ஒரே அழுகை. ஓடிப் போய்ப் பாத்தா, டப்பாக்குள்ள காஞ்சு போன இலை, பக்கத்துல பழைய சட்டைப் பட்டன் மாதிரி மங்கிப்போய் ஒண்ணு. என் தங்கத்த யாரோ எடுத்துட்டாகன்னு அவ அழுகுறா. அவ அப்பன் மேல சந்தேகம். அப்பத்தா மேலயும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும், வெளிய சொல்லல.

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, பொன்வண்டு இப்படிப் போகாதே. நம்ம காலத்துப் புள்ளைக யாரைக் கேட்டாலும் சொல்லுவாக, தீப்பெட்டிக்குள்ள பொன்வண்டு, கூட வேல இலையோ கொடுக்காப்புளி இலையோ நாலு, முட்டை போட்டிருக்கான்னு மணிக்கு ஒரு தரம் தெறந்து பாக்குறது. மழைக்கு அப்புறம் எங்க அம்மா ஊர்ப்பக்கம், கடலாடி தாண்டி, வேலமரத்துல இருக்கும். நான் வச்சிருந்த ஒரு பொன்வண்டோட மேல் இறக்கை இன்னமும் என் ஊசி டப்பால இருக்கு சார், நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அதே ராமர் பச்சை, சாய்ச்சா அதே மயில்கழுத்து நீலம். நூல் எத்தனை சாயம் போயிருக்கு அந்த டப்பாக்குள்ள, இது போகல. அப்ப ஏன் ஒரு தங்கம் மூணு நாள்ல போகுது, ஒரு பச்சை நாப்பது வருசம் நிக்குது? டீச்சர் வந்தப்ப அளவு எடுக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் கேட்டேன்.

டீச்சர் சொன்னாக, ரெண்டுமே சாயம் இல்லக்கா, ஓட்டோட வேலை. வண்டோட ஓடு ஒரே தகடு இல்லையாம், கண்ணுக்கே தெரியாத மெல்லிசுல அடுக்கு மேல அடுக்கா இருக்காம், வெளிச்சம் ஒவ்வொரு அடுக்குலயும் பட்டுத் திரும்புறப்ப சில நிறம் ஒண்ணோட ஒண்ணு சேந்து கூடுது, சிலது ஒண்ணை ஒண்ணு அடிச்சுப்போட்டுருது, கூடுன நிறம்தான் நம்ம கண்ணுக்கு வருது. எனக்குப் புரியலன்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுட்டு, பாம்பன் ஜெட்டில படகு டீசல் தண்ணில சிந்திக் கெடக்குறப்ப வானவில் மாதிரி ஓடுமே அதைப் பாத்திருக்கீங்கள்லன்னாக. அதைப் பாக்காம யாரு இங்க வளந்தா? டீசல்ல பச்சையும் இல்லை ஊதாவும் இல்லை, மேல படந்த ஏட்டோட மெல்லிசுதான் நிறம். பொன்வண்டுக்கு அடுக்கு கெட்டியா எறுகிப்போயிருக்கு, செத்தாலும் அடுக்கு அப்படியே இருக்கும், அதனால நிறமும் இருக்கும். ஆமை வண்டுக்கு அந்த அடுக்குக்குள்ள ஈரம் இருந்தாத்தான் தங்கம். காஞ்சா போச்சு. சில வகை உயிரோட இருக்கையிலயே பயந்தா மங்கிட்டு அப்புறம் திரும்பத் தங்கமாகுமாம்.

மயில்கழுத்துச் சேலையும் இதே கணக்கான்னு கேட்டேன். இல்லையாம். அது பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர், ரெண்டும் சாயம் போட்ட நூல்தான், சாய்க்கிற பக்கத்துக்கு ஒண்ணு ஒண்ணு தூக்கிக் காட்டுது. வெளுத்தா ரெண்டும் வெளுக்கும்.

இறக்கை வெளுக்காதுன்னு தெரிஞ்சுதான் அந்தக் காலத்துல அதை வச்சுத் துணில வேலைப்பாடே செஞ்சிருக்காக. என் மகன் மொபைல்ல காட்டினான், நம்ம நாட்டுல இருந்தே மஸ்லின் துணில பொன்வண்டு இறக்கையத் தைச்சு வெள்ளைக்காரங்களுக்கு அனுப்பியிருக்காக, மெட்ராஸ்லயும் அந்த வேலை நடந்திருக்கு. 1888ல இங்கிலாந்துல எலன் டெர்ரின்னு ஒரு நடிகைக்கு ராணி வேசத்துக்குத் தைச்ச கவுன்ல ஏறக்குறைய ஆயிரம் இறக்கை வச்சுத் தைச்சிருக்காக, அதை இன்னமும் மியூசியத்துல பாதுகாத்து வச்சிருக்காக, 2011ல கிழிஞ்சதையெல்லாம் ஒட்டுப்போட்டுச் சரி பண்ணி வச்சாங்களாம், துணி நைஞ்சு போயிருந்துச்சு, இறக்கைல சிலது ஒடஞ்சிருந்துச்சு, ஆனா நிறம் போகல. நான் அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன், ஒவ்வொரு இறக்கையிலயும் ஓட்டை போட்டுத்தான் தைச்சிருக்கணும், வெடிச்சிராம எப்படி ஓட்டை போட்டாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு யோசனை. என்கிட்ட இருக்கிற ஒரே இறக்கைல சோதிச்சுப் பாக்க மனசு வரல.

சாயமா நிக்கிற பூச்சிக் கலரும் இருக்கு சார். அரக்கு கலர் பார்டர் வேணும்னு தினம் நாலு பேரு கேக்குறாக, அரக்குங்கிறது மரத்துல ஒட்டி வாழுற ஒரு சின்னப் பூச்சி சொரக்குறதுதான், அந்தச் செவப்புச் சாயமும் அதுல இருந்து வந்ததுதான்னு யாருக்கும் ஞாபகம் இல்லை. நம்ம சீமைல வேலி பூராவும் இருந்துச்சே சப்பாத்திக்கள்ளி, அதுல வெள்ளைப் பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும், நாங்க அதைக் குச்சியால நசுக்கி அந்த ரத்தச் செவப்ப உள்ளங்கையில தேச்சுக்கிட்டு அடிபட்டுருச்சும்மான்னு வீட்டுல போய் நடிப்போம், எங்க ஆத்தா ஒரு தடவ நெசமாவே மஞ்சப்பொடிய எடுத்துட்டு ஓடி வந்தாக. அந்தப் பஞ்சும் பூச்சிதான். 1795ல வெள்ளைக்காரன் சாயத்துக்குன்னு பிரேசில்ல இருந்து ஒரு வகையக் கொண்டாந்தான், அது சாயத்துக்கு ஆகுற சாதி இல்லை, ஆனா கள்ளியத் தின்னு தீத்துச்சு. அப்புறம் மிச்சமிருந்த கள்ளி ஊரை அடைச்சுக்கிட்டு வந்தப்ப 1926ல இலங்கை வழியா வேற ஒரு வகையக் கொண்டாந்து விட்டாக, அதுதான் நம்ம பக்கத்துக் கள்ளியக் குறைச்சது. அந்த வெள்ளைப் பஞ்சு இன்னைக்கு யாரு வீட்டு வேலியிலயாவது தெரிஞ்சா மர்மப் பூச்சின்னு நாலு வரி போடுவீங்கள்ல?

இப்ப என் தப்பையும் சொல்லிடுறேன், உங்கள மட்டும் சொன்னா நல்லா இருக்காது. ஏழெட்டு வருசத்துக்கு முன்னாடி கடைல மத்தியான நேரம், மெஷினுக்கு அடியில ஏதோ மினுக்குன்னுச்சு, குனிஞ்சு பாத்தா குளவி மாதிரி ஒண்ணு, ஒடம்பு பூராவும் பச்சையும் நீலமும் கலந்து பட்டுத்துணி மாதிரி பளபளன்னு, நடுத்தொடையும் பின்னந்தொடையும் மட்டும் மருதாணி போட்ட செவப்பு. வாழ்க்கையில அப்படி ஒரு கலரைப் பாத்ததில்லை. பாத்த ஒடனே என்ன செஞ்சேன், மர ஸ்கேலை எடுத்து ஒரே போடு. கொட்டிருமேன்னு பயம். இந்த வருசம் மழை ஆரம்பிச்சப்ப மறுபடி அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, பேத்தி பக்கத்துல இருந்ததால ஸ்கேலைத் தொடல, ரெண்டு பேரும் கால மேல தூக்கிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்து பாத்தோம். ஒரு கரப்பான்பூச்சி, அதை விட பெருசு, அசையாம நிக்குது. சாகல, மீசை ஆடுது. இந்தக் குளவி அதோட மீசையப் பாதிக்கு நறுக்குச்சு, நறுக்குன எடத்துல வாயை வச்சு கொஞ்ச நேரம் உறிஞ்சுச்சு, அப்புறம் மிச்ச மீசையப் புடிச்சுக்கிட்டுப் பின்பக்கமா நடக்குது, கரப்பான் பின்னாலேயே போகுது. மாட்டைக் கயித்தப் புடிச்சு ஓட்டிட்டுப் போற மாதிரி. தன் கால்ல, தானே நடந்து. செவத்தோரம் ஒரு பொந்துக்குள்ள கூட்டிட்டுப் போயிருச்சு, கொஞ்ச நேரங்கழிச்சு குளவி மட்டும் வெளிய வந்து குப்பை கல்லெல்லாம் பொறுக்கிட்டுப் போய் வாயை அடைச்சுச்சு. என் ஒரு பாபின் நூல் துண்டையும் இழுத்துட்டுப் போச்சு, பச்சை நூல்.

டீச்சர்கிட்ட சொன்னா அவுக சந்தோசத்துல கைய ஆட்டி இஞ்ச் டேப்பைத் தட்டிவிட்டுட்டாக. கரப்பான் குளவியாம். மொதல்ல நெஞ்சுப்பக்கம் ஒரு கொட்டு, முன்னங்கால் கொஞ்ச நேரம் விழுந்துரும், ரெண்டாவது கொட்டு நேரா தலைக்குள்ள, மூளைல எந்த எடத்துல குத்தணும்னு அதுக்குத் தெரியும், அதுக்கப்புறம் கரப்பானுக்குத் தானா ஓடணும்ங்கிற நெனப்பு போயிரும், நடத்துனா நடக்கும். பொந்துக்குள்ள கால்ல ஒரு முட்டைய ஒட்டிரும், பொரிஞ்ச புழு மொதல்ல வெளியில இருந்து குடிச்சு அப்புறம் உள்ள போய் தின்னு, சில வாரத்துல அதே பச்சைல இன்னொரு குளவியா வெளிய வரும். 1941ல ஹவாய் தீவுல கரப்பான ஒழிக்கலாம்னு இதைக் கொண்டுபோய் விட்டுப் பாத்தாங்களாம், பெருசா கொறையலையாம், அது வேற விசயம். நம்ம ஆளுங்கள ஒண்ணும் செய்யாது, கையில புடிச்சு நசுக்குனாத்தான் கொட்டும். கரப்பானுக்கு மாசம் தவறாம மருந்து வாங்கி அடிச்சுக்கிட்டு, சும்மா வந்து வேலை பாக்குறதை நான் ஸ்கேலால அடிச்சிருக்கேன்.

அதுக்காக கலரா இருக்கிறதெல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல. மழைக்காலத்துல ட்யூப்லைட்டுக்கு வரும் ஒரு சின்ன நீளப் பூச்சி, எறும்பு மாதிரி ஓடும், ஆரஞ்சும் கருப்பும் மாத்தி மாத்தி, நடுவுல நீலம் தட்டுன ஒரு துண்டு, ஆசிட் பூச்சின்னு சில பேர் சொல்றாக. அது கடிக்காது கொட்டாது, ஆனா கழுத்துல உக்காந்ததை நாம தட்டி நசுக்குனா அதோட ஒடம்புத் தண்ணி பட்டு மறுநாள் தீக்காயம் மாதிரி கோடு போட்டுக் கொப்பளிச்சுரும். என் மகனுக்கு ஒரு தடவ ஆகி, ஊரே அம்மைன்னு வேப்பிலையோட வந்துருச்சு. நசுக்காம ஊதி விட்டுட்டு, பட்டிருந்தா ஒடனே சோப்புப் போட்டுக் கழுவணும், இவ்வளவுதான் செய்தி. இதை நீங்க புரட்டாசிலயே ஒரு தடவ படத்தோட போட்டிருந்தீங்கன்னா எத்தனை பேருக்கு உதவும். வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் திங்கிற கருப்பு ஆரஞ்சுப் பட்டை வண்டும் அப்படித்தான், கையில புடிச்சா கொப்பளம். பொறிவண்டுன்னு நாம கொண்டாடுறதுலயும் பாத்துக்கணும், செவப்பா வழவழன்னு மின்னுறது அசுவினியத் திங்கிற நம்மாளு, மங்கலா பூசின மாதிரி இருந்து முதுகுல இருபத்தெட்டு புள்ளி இருந்தா அது கத்திரி இலையச் சல்லடையாக்குறவன். நான் எண்ணிப் பாத்தேன், இருபத்தெட்டு சரியா இருக்கு.

அதனால சார், விநோத பூச்சின்னு யாராவது படம் எடுத்து அனுப்புனா, போட வேணாம்னு சொல்லல, போடுங்க, நான் மொதல்ல படிக்கிறதே அதைத்தான். போடுறதுக்கு முன்னாடி உங்க நிருபர் வேளாண்மை ஆபீஸுக்கோ பக்கத்துல இருக்கிற காலேஜ் விலங்கியல் வாத்தியாருக்கோ ஒரு போன் போட்டு இது என்னங்கன்னு கேக்கட்டும். எந்தச் செடில உக்காந்திருந்துச்சுன்னு அனுப்புனவுகள்ட்ட கேக்கட்டும், செடியச் சொன்னா பாதிப் பூச்சிக்குப் பேரு வந்துரும், எருக்குன்னா ஒண்ணு, அடும்புன்னா ஒண்ணு, அரளில வெள்ளி ஜிமிக்கி மாதிரி கண்ணாடியா தொங்குதுன்னா அது கருப்புப் பட்டாம்பூச்சியோட கூடு. நாளைக்கே ஒருத்தர் ரோஸ் கலர் வெட்டுக்கிளின்னு அனுப்புவாக, அதுவும் உண்டு, பச்சையா பொறக்க வேண்டிய சாதில எப்பவாவது ஒண்ணு செவப்பு நிறமி கூடிப்போய் ரோஸா பொறந்துரும், எரித்ரிசம்னு அதுக்குப் பேரு, கெட்ட சகுனமும் இல்லை அணுக்கதிரும் இல்லை. பேரு தெரியலன்னா வாசகர்கள்ட்ட கேளுங்க. மீனுக்கு எத்தனை பேரு வச்சிருக்கோம் நாங்க, பூச்சிக்கு மட்டும் இல்லாமலா இருக்கும்? மொத மழைக்கு மணல்ல ஓடுமே வெல்வெட் மாதிரி செவப்பா, பட்டுப்பூச்சின்னு நாங்க சொல்றோம், இலங்கைல இருந்து வந்தவுக தம்பலப்பூச்சிங்கிறாக, தமிழ் வாத்தியாரு சங்கப்பாட்டுல அதை மூதாய்னு சொல்லிருக்குங்கிறாரு, டீச்சர் என்னடான்னா எட்டுக்காலு இருக்கு, அது பூச்சியே இல்லை, சிலந்திக்குச் சொந்தம்ங்கிறாக. ஒரு பட்டாணி அளவு கூட இல்லாததுக்கு இவ்வளவு பேச்சு இருக்கு. எங்க தெருவுல அதைப் பாத்து அஞ்சாறு வருசமாச்சு, தெரு பூராவும் சிமெண்ட் போட்டாச்சு.

பேத்தி இப்ப டப்பால புடிக்கிறதில்லை. ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டிருக்கா. பூச்சியப் பாத்துட்டு வந்து, என் நூல் கண்டுகளக் கொட்டி, அந்தக் கலருக்குத் தக்கன ஒரு துண்டை வெட்டி ஒட்டி, கீழ தேதியும் செடி பேரும் எழுதுறா. ஊரணில பாத்த ராணி கலர் தட்டானுக்கு ராணி கலர் நூலே கெடச்சுருச்சு, பக்கத்துல இருந்த மங்கல் மஞ்சள் தட்டான் அதோட பொஞ்சாதியாம், அதுக்குச் சந்தனக் கலர். கரப்பான் குளவிக்கு மூணு நூலை முறுக்கி ஒட்டியிருக்கா, அதுவே பரவால்லாம வந்துருக்கு. ஆமை வண்டுக்குத்தான் எதுவும் ஒத்து வரல. ஜரிகை வச்சுப் பாத்தோம், அது செத்த தங்கமா இருக்கு. மெஷின் எண்ணெய் தொட்டு ஜரிகைய நனைச்சுப் பாரு அப்பத்தான்னா, பாத்தோம், நோட்டுதான் கறையாச்சு. அந்தப் பக்கத்துல பேரை மட்டும் எழுதிட்டு எடம் விட்டு வச்சிருக்கா.

இந்தக் கடுதாசியோட ரெண்டு நூல் துண்டு வச்சிருக்கேன், ஒண்ணு மாம்பழ மஞ்சள், ஒண்ணு பச்சை கலந்த நீலம். எருக்கு வெட்டுக்கிளியோட சரியான கலர் அதுதான். உங்க பேப்பர்ல அடிச்ச படத்துல மஞ்சள் பழுப்பா விழுந்திருச்சு, நீலம் விழவே இல்லை, அடுத்த தடவ போடுறப்ப பிரஸ்ல இருக்கவுகள்ட்ட காட்டுங்க.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு தையல்காரி